மொன்டெவிடியோவிலிருந்து கொண்டுவந்த சேதி

தம்பி,

"அந்த ஊரிலை அப்பிடி என்னதான் இருக்கு?" என்று உன் அப்பா கேட்கிறார். நான் திரும்பி வந்து பதினொரு நாள். பதினொரு நாளும் கேட்டிருக்கிறார். சாப்பிடும்போது கேட்கிறார், சப்பாத்துப் போடும்போது கேட்கிறார், நேற்று நான் குளியலறைக்குள் நிற்க, கதவுக்கு வெளியே நின்று கேட்டார். உன் அம்மா நான், புவியியலில் பட்டம் எடுத்தவள், இந்த ஸ்டுட்கார்ட்டில் பதினாலு வருடமாக நகரசபையின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறவள், ஒரு ஊரைப் பதினாறு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி நாலு வசனம் சொல்ல முடியாமல் நிற்கிறேன். "குளிர்" என்றேன். "மரங்கள் இருக்கு, எங்கடை பூங்காவிலை நிக்கிற அதே மரங்கள்" என்றேன். "ஆறு சரியான அகலம், மண் நிறம்" என்றேன். "ஆறு பாக்கவோ உன்னை அனுப்பினனான்?" என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. உன்னைப் பார்த்து, நீ எப்போது திரும்பி வருகிறாய் என்று ஒரு திகதி வாங்கிக்கொண்டு வரத்தான் அவர் என்னை அனுப்பினார். நீயோ, திரும்பி வரப்போவதில்லை என்ற சேதியை என் கையில் தந்து அனுப்பினாய். போகும்போது அவருடைய தபால், வரும்போது உன்னுடைய தபால். இடையில் எனக்கென்று ஒரு பயணம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தச் சேதியை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லுவேன் என்று விமான நிலையத்தில் உனக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அதனால்தான் உன் மேல் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் "சரியம்மா, சரியம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் அது ஏலாது. ஆகையால் ஒழுங்காக இருந்து வாசி.

முதலில் அந்த ஊர். விமானம் இறங்கி ஐம்பது நிமிடம் கழித்துத்தான் நீ வந்தாய். மொழி தெரியாத நாட்டில் இரண்டு பெட்டியோடும் ஒரு தோட்பையோடும் ஒரு தூணருகே நான் நின்றேன். "பஸ் வரேல்லை அம்மா" என்றாய். "பஸ் வராட்டி அதுக்கு முந்தின பஸ்ஸிலை வாறது" என்றேன். "முந்தினதும் வரேல்லை" என்று சொல்லிச் சிரித்தாய். பஸ் வராத ஊரில் சிரிக்கிற அளவுக்கு நீ மாறியிருந்தாய் என்பதை அந்த இடத்திலேயே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, ஏனென்றால் உன் கழுத்தில் சால்வை இல்லை என்பதை அப்போது கவனித்துக்கொண்டிருந்தேன்.

தென் அமெரிக்கா என்றால் வெய்யில் என்று உன் அப்பா முடிவு கட்டியிருந்தார். ஓகஸ்டில் அங்கே மாரிகாலம் என்று உலக உருண்டையை வைத்து அவருக்கு விளக்கினேன். ஆனால் வீட்டுக்குள்ளும் மாரிகாலமாக இருக்கும் என்று எந்த உருண்டையும் எனக்குச் சொல்லவில்லை. நீ இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சோற்றுக்கு வெங்காயம் வெட்டினாய். அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகிற, சில்லுப் பூட்டிய எரிவாயு அடுப்பு ஒன்றுதான் நீயும் உன் லூசியாவும் குடியிருக்கிற அந்த வீட்டுக்குச் சூடு. அது நிற்கிற இடத்தில் முழங்கால் வேகும், முதுகு உறையும். மூன்றாம் நாள் அரிசி பாதி அவிந்த நிலையில் எரிவாயு முடிந்தது. நீ தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டுவிட்டு "இந்தா வந்திடுவார்" என்றாய். நாலு தரம் சொன்னாய். சிலிண்டர்காரர் மூன்று மணித்தியாலம் கழித்து வந்து, என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, உன்னோடு உதைபந்தாட்டம் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். "ரெண்டு சிலிண்டர் வாங்கி வைச்சா என்ன?" என்று கேட்டேன். உனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் அது நியாயமான கேள்விதான்.

நடைபாதைகளைப் பற்றி என்ன சொல்ல? அழகான சதுரக் கற்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் மூன்றில் ஒன்று ஆடுகிறது. மழை பெய்தபிறகு ஒரு மூலையில் கால் வைத்தால் மற்ற மூலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் முழங்கால் வரை பீச்சியடிக்கிறது. எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று பார்வையாலேயே கண்டுபிடிக்க எனக்குப் பழக்கினாய். ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு தலைநகரத்தின் நடுத்தெருவில் கெந்திக் கெந்தி நடந்தேன். பஸ்ஸுக்குள் ஒரு மனிதர் கிற்றாருடன் ஏறி இரண்டு பாட்டுப் பாடினார், சாரதி தன் வானொலியை நிறுத்தி அவருக்கு இடம் விட்டார், எல்லாரும் கை தட்டினார்கள். "அவர் ரிக்கற் எடுத்தவரோ?" என்று உன்னைக் கேட்டேன். "அம்மா!" என்றாய், நான் கோயிலுக்குள் சப்பாத்தோடு போய்விட்டதுபோல. வெள்ளிக்கிழமை ஒரு சாப்பாட்டுக்கடையில், மரக்கறிதான் சாப்பிடுவேன் என்று உன்னைச் சொல்லச் சொன்னேன். வந்த தட்டில் நடுவிலே சிவப்பாக ஒரு துண்டு கிடந்தது. அது இறைச்சி இல்லையாம், பன்றியாம். பரிமாறியவர் சத்தியமாகத்தான் சொன்னார்.

எல்லாரும் கக்கத்துக்குள் ஒரு சுடுதண்ணிப் போத்தலை இடுக்கிக்கொண்டு திரிகிறார்கள். கையில் சிறிய சுரைக் குடுவை, அதற்குள் பச்சை இலைத்தூள், அதற்குள் ஒரு உலோகக் குழல். பஸ்ஸில், வங்கி வரிசையில், ஆற்றங்கரை மதிலில், எங்கும் அதை உறிஞ்சுகிறார்கள். மாத்தே என்று பெயர் சொன்னாய். ஆற்றங்கரையில் கிலோமீற்றர் கணக்கில் ஒரு தெரு. மக்கள் அதன் ஓரமாக நடக்கிறார்கள், இருக்கிறார்கள், மண் நிறத் தண்ணீரைப் பார்க்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். "கடல் மாதிரி இல்லையோ?" என்று கேட்டாய். "கடலுக்குப் பக்கத்திலை இருக்கிற ஆறு" என்றேன். நான் அப்படிச் சொன்னதும் நீ மூஞ்சையைத் திருப்பினாய். சின்ன வயதிலும் இப்படித்தான். நீ காட்டுகிற எதையும் நான் உடனே வியக்கவேண்டும். எனக்கு வியப்பதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்பதை இருபத்துநாலு வருடத்தில் நீ கண்டுபிடிக்கவில்லை.

சனிக்கிழமை உன் வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போனாய். சப்பாத்துக்கடைக்கு மேலே ஒரு அறை, பதினொரு பேர், நீ அவர்களுக்கு டொச் மொழி படிப்பிக்கிறாய். புகையிரதம் எத்தனையாம் மேடையிலிருந்து புறப்படும் என்று எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து கேட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஜெர்மனிக்குப் போகக் காத்திருப்பவர்கள். படிப்பை முடிக்காமல் ஜெர்மனியைவிட்டு வந்த ஒருவன், ஜெர்மனிக்குப் போவதற்கு அவர்களைத் தயார்படுத்துகிறான். இதில் உள்ள விசர்த்தனம் உனக்குப் படவே இல்லையா? ஒரு தாதி, என் வயதுதான் இருக்கும், ஸ்டுட்கார்ட்டில் சனங்கள் எப்படி என்று உன் மூலம் என்னைக் கேட்டா. "நேரத்துக்கு வருவினம்" என்றேன். நீ அதை ஸ்பானிய மொழியில் சொன்னாய். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சொன்னது இரண்டு சொல். நீ சொன்னது அதைவிட நீளம். என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் ஆற்றங்கரையில் நடக்கும்போதுதான் கேட்டேன்.

"டிப்ளோம் ஆய்வுக் கட்டுரை எழுதி முடிச்சிட்டியோ?"

"எழுதுவன்."

"எப்ப?"

"எழுதுவன் அம்மா. ரெண்டு அதிகாரம்தான் மிச்சம்."

"ரெண்டு அதிகாரத்தை ஸ்டுட்கார்ட்டிலை வந்திருந்து எழுதினா என்ன?"

நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "நான் திரும்பி வரேல்லை" என்றாய்.

"லூசியாவுக்காகவோ?"

"அவவுக்காக மட்டுமில்லை."

"பேந்தென்ன?"

நீ நடையைக் கூட்டினாய். பிறகு, "இங்கை காலமை எழும்பேக்கை வயித்துக்குள்ளை ஒண்டும் இறுகிறேல்லை அம்மா" என்றாய்.

இது என்ன காரணம் என்று உன்னை ஏசினேன். குளிருக்குள் நின்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பேசினேன். வயிறு இறுகினால் குளிசை இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்து குடியிருக்கத் தேவையில்லை என்றெல்லாம் சொன்னேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்கும் ஒவ்வொரு காலையும் இறுகும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இறுகுகிறது. தபாற்பெட்டியைத் திறக்கப்போகும்போது இன்னும் இறுகும். நித்திரையால் எழும்புவது என்றாலே அப்படித்தான், எல்லாருக்கும் அது உள்ளது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உனக்கும் அது இருந்தது என்று நீ சொல்லித்தான் தெரியும். தெரிந்தபோது நான் உன்னை ஏசினேன். அதற்குப் பெயர் கோபம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லூசியாவின் தாய் வீட்டில் நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் ஒழுங்காகக் கதைக்கவே இல்லை. அந்தத் தாயை, நெலியை, எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. அங்கே இராணுவ ஆட்சி நடந்த காலத்தில் தப்பி வந்து ஒன்பது வருடம் ஜெர்மனியில், கேல்னில், கந்தோர்களில் மேசையும் நிலமும் துடைத்தவ. ஆட்சி மாறியதும் திரும்பிப் போய், இப்போது மருந்துக் கடையில் வேலை செய்கிறா. நல்லவேளை, நாங்கள் இருவரும் டொச்சில் கதைக்கலாம். "ஒன்பது வருடமும் என் பெட்டி அடுக்கியபடியேதான் இருந்தது" என்றா. "திரும்பி வந்தால் இங்கே எல்லாரும், ஏன் வந்தாய், பைத்தியமா என்று கேட்டார்கள். என் மூத்தவனை ஸ்பெயினுக்கு நானே அனுப்பினேன். இப்போது உன் மகன் இங்கே வந்து நிற்கிறான். மாற்றிக்கொள்வோமா?" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். அவ்வளவு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மாத்தே வந்தது. வட்டமாக இருந்தோம். நெலி ஊற்றி முதலில் தான் குடித்தா, பிறகு லூசியா குடித்தாள், பிறகு அயல்வீட்டுக் கிழவர் குடித்தார், பிறகு நீ. எல்லாரும் அதே குழலில். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எச்சில் என்பதற்கு டொச்சில் சொல் இருக்கிறது, ஆனால் அது வாயில் ஊறுகிற நீரை மட்டும்தான் சொல்கிறது. நாங்கள் அந்தச் சொல்லால் சொல்கிற மிச்சம் அதில் இல்லை. குடுவை என் கைக்கு வந்தபோது நான் யோசிக்கவில்லை. கை தானாகவே பைக்குள் போயிற்று. விமானத்தில் தந்த ஈரக் கடதாசியை எடுத்து, உறையைக் கிழித்து, குழலின் வாயைத் துடைத்தேன். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பிறகுதான் குடித்தேன். கிழவர் யன்னலைப் பார்த்தார். லூசியா உன்னைப் பார்த்தாள். "மருந்துக்கடையில் நானும் இப்படித்தான், எல்லாவற்றையும் துடைப்பேன்" என்று நெலி சொன்னா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னா. குடுவை திரும்பவும் சுற்றி வந்தது. இந்த முறை உன்னிடமிருந்து நேரே நெலியிடம் போயிற்று.

திரும்பி நடக்கும்போது நீ கத்தினாய். "அது அழுக்கு எண்டே நினைச்சனீங்கள்? அவை அழுக்கே?" என்றாய். "கிருமி" என்றேன். "நான் குடிச்சுத் தந்ததுதானே. என்ரை கிருமியுமோ?" என்றாய். பதில் இருந்தது. அதை இப்போது எழுதுகிறேன். உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஏதோ எழுதுவதற்கு, எங்கள் பக்கத்தில் சாதி பார்ப்பார்களா என்று கேட்டாய். "ஊரிலை இருந்தது, எங்கடை வீட்டிலை உப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன். நீ அதை அப்படியே எழுதிக்கொண்டு போய் நல்ல புள்ளி வாங்கினாய். அது பொய். ஊரில் எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்கு வெளியே ஆணியில் ஒரு தகரப் பேணி தொங்கியது. வேலைக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டுத் தாங்களே கழுவித் தாங்களே கொழுவிவிட்டுப் போவார்கள். அந்தப் பேணியில் நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், பட்டுவிடாமல் உயரத்தில் பிடித்து. பல்கலைக்கழகத்தில் இதற்கெதிராக இரண்டு கட்டுரை எழுதியவளும் நான்தான். கிருமி என்ற சொல்லை நான் பிறகுதான் படித்தேன். கை அதற்கு முன்பே பழகிவிட்டது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் நெலி எங்களைத் திரும்பவும் கூப்பிட்டா. நீங்கள் எல்லாரும் குடுவையைச் சுற்றினீர்கள். எனக்கு மட்டும் ஒரு அழகான பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது, கீழே தட்டு வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி வைத்து. அன்பாகத்தான் தந்தா. நான் கேட்டிருக்கலாம், எனக்கும் அதிலேயே தாருங்கள் என்று. கேட்கவில்லை. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன், நன்றி சொன்னேன். மனிதர் மாறுவார்கள் என்று யாராவது உனக்குச் சொன்னால், உன் அம்மாவுக்கு எட்டு நாள் போதவில்லை என்று சொல்.

விமான நிலையத்துக்கு இந்த முறை நேரத்துக்கே போனோம், ஏனென்றால் நான் இரண்டு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட வைத்தேன். பெட்டி போனபிறகு நீ என் கையைப் பிடித்தாய். "அப்பாட்டை நீங்களே சொல்லுங்கோம்மா. நீங்கள் சொன்னா அவர் கேப்பார்."

"அவர் எப்ப நான் சொல்லிக் கேட்டவர்?"

"எனக்கு ஏலாதம்மா. அவர் ஏசமாட்டார். சும்மா இருந்திடுவார். அதுதான் எனக்கு ஏலாது."

நான் ஓம் என்றேன். விமானம் மேலே ஏறுவதற்குள்ளேயே கோபம் வந்துவிட்டது. இருபத்துநாலு வயது. ஒரு வீடு எடுக்கத் தெரியும், ஒரு மொழியைப் படித்து அதில் இன்னொரு மொழியைப் படிப்பிக்கத் தெரியும், ஒரு பெண்ணுடன் சேர்ந்து வாழத் தெரியும். தகப்பனிடம் ஒரு வசனம் சொல்லத் தாயை அனுப்புகிறான். இவனை யார் இப்படி வளர்த்தது என்று யோசித்தேன். பதில் பக்கத்து இருக்கையில் இல்லை, என் இருக்கையில்தான் இருந்தது.

உனக்கு ஏழு வயதாகும்போதே எங்கள் வார்த்தைகளை நீ சுமந்து காவத் தொடங்கிவிட்டாய். வெளிநாட்டவர் கந்தோரில், வைத்தியரிடம், வீட்டுச் சொந்தக்காரரிடம், எல்லா இடத்திலும் அப்பாவுக்கும் மேசைக்கும் நடுவில் நீ நின்றாய். அப்பாவுக்கு டொச் ஏலாது. எனக்கு அப்போது ஓரளவு ஏலும். பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்கள் என்ற வெட்கத்தில், வேலை இருக்கிறது என்று சொல்லி உன்னை அனுப்பினேன். படித்தவள் என்ற பெயரோடு பிழைவிட எனக்கு மனமில்லை. ஒருமுறை உன் வகுப்பாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. அப்பாவும் நீயும் போனீர்கள். வீட்டுக்கு வந்த அப்பா பெருமையோடு சொன்னார்: "கணக்கிலை இவன்தானாம் முதலாவது, ரீச்சர் பத்து நிமிஷம் இவனைப் பற்றித்தான் கதைச்சவ." ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தபோதுதான் அந்தப் பத்து நிமிடம் எதைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுப்பாடம் செய்வதில்லை, பக்கத்துப் பிள்ளைகளை எழுதவிடாமல் கதைக்கிறான் என்று எழுதியிருந்தது. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னையும் ஏசவில்லை. அறிக்கையில் நானே கையெழுத்து வைத்து அனுப்பினேன். அன்றே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன் நிறுத்தி, உள்ளதைச் சொல்லு என்றிருக்க வேண்டும். இந்த வீட்டில் நல்ல சேதியை ஆளுக்காள் சொல்லலாம், கெட்டது என்றால் இடையில் யாராவது நின்று வடிகட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் நீ படித்தாய். நான்தான் படிப்பித்தேன்.

ஆகவே இதை உனக்குப் புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, என் மேலான குற்றப்பத்திரிகை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. லூசியாவிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவளிடம் சொல்லு, அவளுடைய தாயிடம் சொல்லி அனுப்பாதே. அந்த இரண்டு அதிகாரத்தையும் எழுது. அங்கே இருந்துகொண்டே எழுது, எனக்கென்ன, ஆனால் எழுதி முடி. முடிக்காத வேலையை ஒருவன் ஊர் ஊராகக் காவிக்கொண்டு திரிந்தால் எந்த ஊரிலும் ஒருநாள் வயிறு இறுகத்தான் செய்யும். இரண்டாவது சிலிண்டர் வாங்கு. அந்த ஊரைப் பற்றி நீ எனக்குக் காட்டாத ஒன்றையும் சொல்கிறேன். நீ வகுப்புக்குப் போன ஒரு காலையில் தனியாக வெளியே நடந்தேன். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம். பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை மேலங்கி, கழுத்தில் பெரிய நீலப் பட்டியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பணக்காரப் பிள்ளை எது, ஏழைப் பிள்ளை எது என்று பார்த்தேன், சப்பாத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது. கனநேரம் அந்தப் பள்ளிக்கூட மதிலருகே நின்றேன். ஆடுகிற கற்களை நானாகவே கண்டுபிடித்து, கால் நனையாமல் உன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ வென்றுவிட்டதாக நினைப்பாய்.

இன்று ஞாயிறு. நாளை அப்பாவுக்குக் காலை வேலை, பின்னேரம் இரண்டரைக்குப் பிறகு வீட்டில் நிற்பார். சாப்பிட்டு முடிந்ததும் சொல்லப்போகிறேன். வடிகட்டாமல் சொல்லுவேன். அதுவரைக்கும் இந்தக் கடிதத்தை மூடாமல் வைத்திருக்கிறேன்.

செவ்வாய் காலை. நேற்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். "அவன் திரும்பி வரமாட்டானாம். அங்கை லூசியா எண்டு ஒரு பிள்ளையோடை இருக்கிறான். நல்ல பிள்ளை. டிப்ளோம் இன்னும் முடிக்கேல்லை, முடிப்பன் எண்டு சொல்லுறான்" என்றேன். அவர் துவாயில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அங்கையே சொன்னவன்."

"அப்ப பன்ரண்டு நாளா எனக்குச் சோத்தைப் போட்டுக்கொண்டு, உந்தச் சேதியை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

கத்தவில்லை. நீ சொன்னபடி சும்மாதான் இருந்தார். பிறகு மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கழுவிய கோப்பைகளை நான் திரும்பவும் கழுவினேன். ஐந்தரைக்கு வந்து, தன் நீலப் பயணப் பத்திரத்தை மேசையில் வைத்தார். நீயும் நானும் ஜெர்மன் பிரசைகளானபோது, சண்டை முடிந்தால் ஊருக்குப் போகத்தானே வேண்டும் என்று சொல்லி, அகதிக்குக் கொடுத்த அந்தப் பத்திரத்தோடேயே அவர் நின்றுவிட்டார் என்பது உனக்குத் தெரியும். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பயண முகவரிடம் போயிருக்கிறார். அங்கேயிருந்த பெண் எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பத்திரத்தோடு அந்த நாட்டுக்குள் விடுவார்களோ தெரியாது, தூதரகத்தில் கேட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்றாளாம். மொழிபெயர்க்க ஒருவரும் இல்லாமல் இவ்வளவையும் கேட்டு விளங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"லீவு?" என்றேன். ஓகஸ்டில் லீவு இல்லை என்று சொல்லித்தான் என்னைத் தனியே அனுப்பினார்.

"எடுக்கலாம்."

"போய்ப் பாக்கவோ, இல்லாட்டிக் கூட்டிக்கொண்டு வரவோ?"

"முதல் விடுறாங்களோ எண்டு பாப்பம்." பத்திரத்தை எடுத்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "அவனுக்குச் சொல்லிப்போடாதை. ஏலாது எண்டு சொன்னாங்கள் எண்டா, நான் போய்க் கேட்டதே அவனுக்குத் தெரியவேண்டாம்."

நான் ஓம் என்றேன். உனக்கும் இப்படித்தான் ஓம் என்றேன். இந்த முறை பன்னிரண்டு நாள் வைத்திருக்க எனக்கு ஏலாது. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது வியாழக்கிழமை எப்போதோ போயிருக்கும். விடுவோம் என்று சொல்லியிருந்தால் அவர் உன்னிடம் சொல்லக்கூடும். இல்லை என்று சொல்லியிருந்தால் சாகும்வரை சொல்லமாட்டார். அவர் கேட்டார் என்பதை நீ அறிந்திருக்க வேண்டும். இதை மூடி ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

அம்மா